எழும்பிவிட்டால் போதுமா? சொந்தமாகக் கட்டும் விமானத்தின் எடை வரம்பும் இறக்கைச் சுமையும்

சொந்தக் கையால் விமானம் கட்டுபவர்கள் கூடும் இடத்தில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "வரம்புக்கு மேல் நாற்பது கிலோ ஏற்றினேன். ஒன்றும் ஆகவில்லை, ஜம்மென்று எழும்பியது." கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை, விமானம் எழும்பித்தான் இருக்கும். ஆனால் எழும்புமா எழும்பாதா என்று பார்த்து யாரும் எடை வரம்பு போடுவதில்லை. அந்த ஒரே எண்ணுக்குள் ஐந்தாறு கேள்விகளின் விடைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

தொழிற்சாலை விமானம் என்றால் நிறுவனம் சோதித்துச் சொல்கிறது, அரசு சரிபார்க்கிறது. ஓட்டுபவர் அதைப் படித்து நடந்துகொண்டால் போதும். அமெரிக்காவில் சொந்தமாகக் கட்டும் விமானத்தின் நிலை வேறு. வேலையில் பாதிக்கு மேல் தனிநபர்கள் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்ததாக இருந்தால், சட்டத்தின் பார்வையில் கட்டியவர்தான் உற்பத்தியாளர். வடிவமைத்தவர் ஓர் எடையைப் பரிந்துரைத்திருப்பார். ஆனால் தாளில் கடைசி எண்ணை எழுதுவது கட்டியவரின் பேனா. எழுதும் உரிமை நம்மிடம் இருப்பதால், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளும் கடமையும் நம்மிடம்தான்.

## சேறும் பலகையும்

சேற்றில் வெறுங்காலோடு நின்றால் கால் புதையும். அதே சேற்றில் ஓர் அகலப் பலகையைப் போட்டு அதன்மேல் நின்றால் புதையாது. உங்கள் எடை மாறவில்லை, அது பரவும் பரப்புதான் மாறியது. சேற்றுக்குத் தெரிவதெல்லாம் ஒவ்வொரு சதுர அடியிலும் எவ்வளவு எடை அழுத்துகிறது என்பது மட்டும்தான்.

இறக்கைக்கும் காற்றுக்கும் இடையே நடப்பதும் இப்படித்தான். விமானத்தின் மொத்த எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை ஆங்கிலத்தில் விங் லோடிங் என்பார்கள். நாம் இறக்கைச் சுமை என்று சொல்லலாம். 600 கிலோ விமானத்துக்கு 12 சதுர மீட்டர் இறக்கை என்றால், இறக்கைச் சுமை சதுர மீட்டருக்கு 50 கிலோ. அவ்வளவுதான் கணக்கு.

பறவைகளிடம் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பருந்துக்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் இறக்கை பெரிது. அதனால் சிறகடிக்காமல் மெதுவாக வட்டமிடுகிறது. நாமக்கோழி குண்டு, இறக்கை சின்னது. எழும்புவதற்குத் தண்ணீரின் மேல் தடதடவென்று வெகுதூரம் ஓட வேண்டியிருக்கிறது. பெரிய ஓடுபாதை தேவைப்படும் பறவை அது.

சில எண்களைப் பார்த்துவிடலாம். பாராகிளைடரில் தொங்குபவருக்குச் சதுர மீட்டருக்கு நாலு கிலோவை ஒட்டி வரும். 1903இல் பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு ஏறக்குறைய 7. பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் செஸ்னா 172எஸ் 1157 கிலோ வரை ஏற்கும், அதன் இறக்கை 16.2 சதுர மீட்டர், ஆகவே 71. சொந்தமாகக் கட்டுபவர்களுக்கு மிகப் பழக்கமான ஆர்வி-7க்குச் சுமார் 73. போயிங் 747-400க்கு 700ஐத் தாண்டும்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது பிரான்ஸின் கிரிகிரி. மிஷெல் கொலோம்பான் வடிவமைத்து 1973இல் பறந்த ஒற்றையாள் விமானம், அதில் இரண்டு குட்டி என்ஜின்கள். ஆள், எரிபொருள் எல்லாம் சேர்ந்தும் 170 கிலோதான். ஆனால் இறக்கை 3.1 சதுர மீட்டர் மட்டுமே, ஆக இறக்கைச் சுமை 55. எடையில் செஸ்னாவின் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத விமானம், இறக்கைச் சுமையில் அதற்கு அருகே வந்து நிற்கிறது. "இலேசான விமானம்தானே, மெதுவாகத்தான் இறங்கும்" என்று எடையை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இதுவரை பார்த்தது: எடை தனியாக எதையும் சொல்லாது. எடையை இறக்கைப் பரப்பால் வகுத்துப் பார்த்தால்தான் விமானத்தின் சுபாவம் தெரியத் தொடங்கும்.

## வேகம் ஏன் கூடுகிறது

ஓடும் வண்டியின் ஜன்னலுக்கு வெளியே கையைத் தட்டையாக நீட்டி, முன்விளிம்பைச் சற்றே மேலே தூக்கினால் கை மேலே போகும். வண்டி வேகமாகப் போகப் போக அந்தத் தள்ளல் கூடும், அதுவும் பல மடங்காக. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நாலு மடங்கு. இறக்கை தரும் இந்த மேல்நோக்கிய விசைக்குத் தூக்குவிசை என்று பெயர். கையைச் சாய்த்த அந்தக் கோணம், அதாவது எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள கோணம், தாக்குகோணம்.

வேகம் குறைந்தால் தாக்குகோணத்தைக் கூட்டி ஈடுகட்டலாம். விமானி இறங்கும்போது செய்வது அதைத்தான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பெரும்பாலான சிறு விமானங்களில் 15 டிகிரியை ஒட்டி ஓரிடத்தில், இறக்கையின் மேற்பரப்பில் ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு விலகிவிடும். தூக்குவிசை சட்டென்று குறையும். இதற்கு ஸ்டால் என்று பெயர். நிமிர்ந்து நேராகப் பறக்கும்போது இந்த நிலை வரும் வேகம்தான் ஸ்டால் வேகம். என்ஜின் நின்றுபோவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காரில் இதே சொல் என்ஜின் அணைவதைக் குறிப்பதால் புதியவர்கள் குழம்புவது இயல்புதான்.

சரி, இப்போது இறக்கைச் சுமைக்கு வருவோம். இறக்கை அதே இறக்கை, எல்லைக் கோணமும் அதே கோணம். எடை மட்டும் கூடினால், கூடுதல் தூக்குவிசை வேகத்திலிருந்துதான் வர வேண்டும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடும். எடை 10 சதவீதம் கூடினால் ஸ்டால் வேகம் சுமார் 5 சதவீதம் கூடும்.

நம் மாதிரி விமானத்தையே எடுப்போம். 600 கிலோ, 12 சதுர மீட்டர், சாதாரண இறக்கை. கடல் மட்டக் காற்றில் அதன் ஸ்டால் வேகம் மணிக்கு ஏறக்குறைய 83 கிலோமீட்டர் வரும். அறுபது கிலோ கூட ஏற்றினால் 87. "வெறும் நாலு கிலோமீட்டர்தானே" என்று தோன்றும். எனக்கும் முதலில் கணக்கைப் பார்த்தபோது அப்படித்தான் தோன்றியது.

## திரும்பும்போது தெரியும் கணக்கு

வாளியில் தண்ணீர் எடுத்துக் கையை வீசிச் சுற்றினால் வாளி கனக்கும். விமானம் சாய்ந்து திரும்பும்போது இறக்கைக்கும் அப்படியே. 45 டிகிரி சாய்வில் இறக்கை விமானத்தின் எடையைப்போல் 1.41 மடங்கைத் தாங்க வேண்டும், 60 டிகிரியில் இரண்டு மடங்கு. இந்த மடங்கை ஜி என்று சொல்வார்கள். மடங்கு கூடினால் இறக்கைக்கு விமானம் அந்த அளவு எடை கூடியதாகவே படும். ஸ்டால் வேகமும் கூடவே ஏறும்.

தரையிறங்க வரும் விமானி வழக்கமாக ஸ்டால் வேகத்தைப்போல் 1.3 மடங்கில் வருவார். நம் விமானத்தில் அது 108. ஓடுபாதையை நோக்கிய கடைசித் திருப்பத்தில் சற்றுத் தள்ளிப் போய்விட்டார், சரிசெய்ய 45 டிகிரி சாய்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 600 கிலோவில் அந்தச் சாய்வுக்கான ஸ்டால் வேகம் 99. கையில் 9 கிலோமீட்டர் இடைவெளி இருக்கிறது. அறுபது கிலோ கூடுதலாக ஏற்றிவிட்டு, கை பழகிய அதே 108இல் வந்தால்? ஸ்டால் வேகம் 104. மிச்சம் நாலே நாலு. ஒரு சிறு எதிர்காற்று அடங்கினாலே போய்விடும் அளவு. தரை வெகு அருகில் இருப்பதால், ஸ்டாலிலிருந்து மீளத் தேவையான உயரமும் அங்கே கிடையாது.

"ஒன்றும் ஆகவில்லை" என்பவர் பெரும்பாலும் நேராக எழும்பி, நேராகப் பறந்து, அமைதியான காற்றில் இறங்கியவராக இருப்பார். அன்றைக்கு அந்த நாலு கிலோமீட்டரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இன்னொன்று. தரையைத் தொடும்போது விமானத்திடம் இருக்கும் ஆற்றல் எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவது. எடை 10 சதவீதம் கூடினால் இரண்டுமே 10 சதவீதம் கூடுவதால், ஆற்றல் 21 சதவீதம் கூடும். பிரேக்கும் சக்கரக் கால்களும் அதைத்தான் விழுங்க வேண்டும்.

## பலம் என்பது தனிக் கணக்கு

இங்கேதான் மிகப் பெரிய குழப்பம். இறக்கைச் சுமை கூடுதல் என்றால் இறக்கை பலவீனம் என்று சிலர் நினைக்கிறார்கள். குறைவு என்றால் இன்னும் நிறைய ஏற்றலாம் என்று வேறு சிலர். இரண்டும் தவறு. இறக்கைச் சுமை, விமானம் எப்படிப் பறக்கும் என்பதைச் சொல்லும். இறக்கை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது அதன் உள்ளே இருக்கும் ஸ்பார், அதாவது இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்பு உத்திரம். அகலமான காகிதப் பட்டத்துக்கு இறக்கைச் சுமை மிகக் குறைவு. அதற்காக அதில் செங்கல்லைக் கட்டிப் பறக்கவிட முடியுமா?

சிறு விமானங்களுக்கு வழக்கமாக எடுக்கும் அளவு 3.8 ஜி. நம் 600 கிலோ விமானத்தை அப்படி வடிவமைத்திருந்தால், இறக்கை 2280 கிலோவுக்கு நிகரான விசை வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும். எடையை 700 ஆக்கினால் இறக்கை புதிதாகப் பலம் பெறாது. அதே 2280ஐ 700ஆல் வகுத்தால் சுமார் 3.26 ஜி. தாளில் 3.8 என்று இருக்கும், காற்றில் இருப்பது 3.26.

"ஆனால் பாதுகாப்புக்காக 1.5 மடங்கு வைத்திருப்பார்களே, அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. வைத்திருப்பது உண்மைதான். தொழிற்சாலை விமானங்களுக்கான விதிப்படி அந்த 1.5 மடங்கு விசையில் இறக்கை வளையலாம், நசுங்கலாம், ஆனால் குறைந்தது மூன்று விநாடி உடையாமல் நிற்க வேண்டும். மூன்று விநாடி! உபயோகிக்கத் தரும் பலமாக இருந்தால் விநாடிக் கணக்கு எதற்கு? மரத்தில் தெரியாமல் இருக்கும் கணு, சரியாகப் பிடிக்காத பசை, ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்த ரிவெட் துளை, எதிர்பாராத காற்றடி எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த இருப்பு அது. கராஜில் தனி ஆளாக வேலை செய்பவருக்குத் தொழிற்சாலையைவிட அதிகமாகவே அந்த இருப்பு தேவைப்படும். அப்புறம், உலோகம் மறப்பதில்லை. ஒவ்வொரு முறை மிகையாக வளையும்போதும் ஏதோ ஒரு துளையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் கொஞ்சம் நீளும். நூறு முறை ஒன்றும் ஆகாமல் இருந்தது நூற்றியோராவது முறைக்கு உத்தரவாதம் ஆகாது.

பலமும் இறக்கைச் சுமையும் வேறு வேறு என்பதற்கு ஆர்வி-7 நல்ல சான்று. அதன் உச்ச எடை 1800 பவுண்டு, அதாவது 816 கிலோ. குட்டிக்கரணம் போன்ற சாகசப் பறப்புக்கு மட்டும் 1600 பவுண்டு, 726 கிலோ. இறக்கை ஒன்றே, என்ஜின் ஒன்றே. 6 ஜி வரை இழுக்க வேண்டுமென்றால் எடையைக் குறைக்கச் சொல்கிறார் வடிவமைத்தவர்.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஒரு பலகையின் இரு முனைகளை இருவர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் நடுவில் உட்கார்ந்தால் பலகை வளையும். அதே எடையை முனைகளுக்கு அருகே வைத்தால் அவ்வளவு வளையாது. விமானத்தில் ஆட்களும் சாமான்களும் நடுவில், உடற்பகுதியில் இருக்கிறார்கள். தூக்குவிசையோ இறக்கை முழுவதும் பரவியிருக்கிறது. இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் ஸ்பாரை வளைக்காமல் தூக்குவிசையை அங்கேயே ஓரளவு ஈடுகட்டும். ஆகவே இறக்கைத் தொட்டியில் நாற்பது கிலோ எரிபொருளும் இருக்கைக்குப் பின்னால் நாற்பது கிலோ மூட்டையும் ஸ்பாருக்கு ஒன்றல்ல.

இதுவரை பார்த்தது: இறக்கைச் சுமை வேகத்தையும் திருப்பத்தையும் தீர்மானிக்கிறது. ஸ்பாரின் பலம் எத்தனை ஜி தாங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. எடை கூடினால் இரண்டும் ஒரே நேரத்தில் மோசமாகின்றன, ஆனால் வேறு வேறு வழிகளில்.

## பெரிய என்ஜின் போட்டால்?

பெரிய என்ஜின் வேகமாக மேலேற்றும். ஸ்பாரைத் தடிமனாக்காது, ஸ்டால் வேகத்தைக் குறைக்காது. என்ஜினே கூடுதல் எடைதான். எடை 10 சதவீதம் கூடினால் எழும்பும் தூரம் சுமார் 20 சதவீதம் கூடும் என்பது விமானிகளுக்குச் சொல்லித்தரும் கணக்கு. வெயில் நாளிலும் உயரமான இடத்திலும் காற்று மெலிந்திருப்பதால் தூரம் இன்னும் நீளும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் பெரிய என்ஜின் கைகொடுக்கும்.

அப்படியானால் இறக்கையைப் பெரிதாக்கி இறக்கைச் சுமையைக் குறைத்துக்கொண்டே போகலாமே? போகலாம், விலை உண்டு. இறக்கைச் சுமை குறைந்த விமானம் காற்றின் ஒவ்வொரு அசைவுக்கும் மிதவைபோல் ஆடும். கூடியது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், பயணம் சொகுசாக இருக்கும். ஒரு மணி நேரம் கொந்தளிப்பில் ஆடிவிட்டு இறங்கியவருக்கு இது விளக்காமலே புரியும். மெதுவாக இறங்குவதா, வேகமாகப் போவதா என்பதில் எது முக்கியம் என்று வடிவமைப்பாளர் முதல் நாளே முடிவுசெய்துவிடுகிறார். இறக்கைப் பரப்பு அந்த முடிவின் உருவம்தான்.

## எடை எங்கிருந்து வந்து சேர்கிறது

வரம்பை மீறுபவர்களில் பெரும்பாலானோர் வேண்டுமென்றே மீறுவதில்லை. விமானமே கட்டும்போது கனத்துவிடுகிறது. "பலமாக இருக்கட்டும்" என்று ஒரு தகடு கூட, இன்னொரு பாட்டரி, தடிமனான இருக்கை மெத்தை, இரண்டு பூச்சு அதிகம் பெயின்ட். கண்ணாடி இழைத் துணியில் பிசின் பூசும் வேலையில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். பிசினை ஊற்றியதும் துணி பளபளவென்று மின்னும், பார்க்க அழகாகவும் இருக்கும். ரப்பர்த் தகட்டால் அழுத்தி இழுத்தால் தேங்கிய பிசின் ஓரத்துக்கு வழிந்து வரும், துணியின் நெசவு தெளிவாகத் தெரியத் தொடங்கும். அந்த நிலைதான் சரி. பலம் தருவது இழை. தேங்கிய பிசின் தருவது எடை மட்டும்தான். இழுத்து எடுக்கச் சோம்பினால் ஒவ்வொரு அடுக்கிலும் கிராம் கிராமாகச் சேர்ந்து கடைசியில் கிலோக்களாக நிற்கும்.

உண்மை வெளிப்படுவது எடை பார்க்கும் நாளில். கொட்டகையின் கதவைச் சாத்துவார்கள், ஏனென்றால் லேசான காற்றுகூட இறக்கையைத் தூக்கி அளவைக் கெடுக்கும். மூன்று சக்கரங்களுக்கும் கீழே மூன்று தராசுகள். மட்டக்கோல் வைத்து, விமானம் பறக்கும் நிலையில் இருப்பதுபோல் சமப்படுத்துவார்கள். இருக்கைக்கு அடியில் மறந்துவைத்த ஸ்பேனர், தரையில் விரித்த கந்தல் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு மூன்று எண்களையும் கூட்டினால் வருவது வெற்று எடை. உச்ச எடையிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது பயன் சுமை: ஆட்கள், எரிபொருள், சாமான் எல்லாம் அதற்குள்.

நம் விமானம் 340 கிலோவில் முடியும் என்று திட்டம். பயன் சுமை 260. இருவருக்கு 160, நூறு லிட்டர் பெட்ரோலுக்கு 72, சாமானுக்கு 20, மொத்தம் 252. நிம்மதி. தராசு 375 காட்டினால்? பயன் சுமை 225. இருவரும் ஏறியபின் 65தான் மிச்சம். சாமானே இல்லாவிட்டாலும் தொட்டியை நிரப்ப முடியாது. பல வருட உழைப்பை முடித்துவிட்டு இந்த எண்ணைப் பார்க்கும் மனிதரின் மனநிலை எனக்குப் புரிகிறது. உச்ச எடையை 635 என்று எழுதிவிடும் ஆசை அந்த நொடியில்தான் வரும்.

அதே மூன்று எண்களிலிருந்து ஈர்ப்பு மையமும் கிடைக்கும். விமானத்தை ஒரே விரலில் நிறுத்த முடிந்தால், விரலை வைக்க வேண்டிய புள்ளி அது. அது மிகவும் பின்னால் போய்விட்டால், மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் ஸ்டாலுக்குப் பிறகு மூக்கைக் கீழே இறக்கி மீள்வது கடினமாகலாம், முடியாமலும் போகலாம். எடை சரி என்பது பாதி விடைதான்.

## சட்டத்தின் எண்ணும் இறக்கையின் எண்ணும்

இன்னொரு வகை வரம்பும் இருக்கிறது. அமெரிக்க விதியில் 1982இலிருந்து, விமானி உரிமம் தேவைப்படாத ஒற்றையாள் அல்ட்ராலைட் என்னும் மிக இலேசான விமானத்தின் வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 2004இல் வந்த இலகுரக விளையாட்டு விமான வகைக்கு அப்போது வைத்த உச்ச எடை பொதுவாக 1320 பவுண்டு, 600 கிலோ. ஸ்டால் வேகம் 45 நாட் என்ற அளவைத் தாண்டக் கூடாது என்றும் இருந்தது. 45 நாட் என்பது மணிக்கு 83 கிலோமீட்டர். நம் மாதிரி விமானத்தின் எண்களை இந்த எல்லையை வைத்துத்தான் எடுத்தேன்.

இவை யார் எதை ஓட்டலாம் என்று பிரிக்கப் போட்ட வேலிகள். ஸ்பாரைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. 750 கிலோவுக்கு வடிவமைத்த விமானத்தைச் சட்டத்துக்காக 600 என்று பதிந்திருக்கலாம். 520 கிலோவுக்கே வடிவமைத்த விமானமும் 600 என்ற வேலிக்குள் அடங்கும். முதல் விமானத்தைப் பார்த்துவிட்டு "இந்த வரம்பெல்லாம் சும்மா" என்று முடிவுகட்டி, இரண்டாவதில் ஏறினால் ஆபத்து.

2025இல் வெளியான புதிய விதி இதில் ஒரு நல்ல மாற்றம் செய்தது. விளையாட்டு விமானி உரிமம் வைத்திருப்பவர் ஓட்டக்கூடிய விமானத்துக்கு இருந்த 600 கிலோ எல்லையை எடுத்துவிட்டு, ஸ்டால் வேகம் 59 நாட்டுக்குள் இருந்தால் போதும் என்றது. எடையை மட்டும் பார்த்த வேலி, எடையும் இறக்கையும் சேர்ந்து தரும் எண்ணை நோக்கி நகர்ந்திருக்கிறது. கிரிகிரியை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

## எண்ணை உயர்த்தியே ஆக வேண்டுமென்றால்

முதலில் கேட்க வேண்டியது வடிவமைத்தவரை. "என்ன கட்டுப்படுத்துகிறது, ஸ்பாரா, சக்கரக் காலா, என்ஜின் பிடிமானமா, வாலா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். சக்கரக் கால் மட்டும்தான் என்றால் வழி இருக்கலாம். ஸ்பார் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

அப்புறம் சோதனைப் பறப்பு. அமெரிக்காவில் புதிதாகக் கட்டிய விமானத்துக்கு வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரச் சோதனைக் கட்டம் உண்டு, பயணிகளை ஏற்றக் கூடாது. முதல் பறப்பு இலேசான எடையில். பிறகு பக்கத்து இருக்கையில் மணல் மூட்டையை வைத்து, நகராதபடி பெல்ட்டால் இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு பறப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். நல்ல உயரத்துக்குப் போய், வேகத்தை மெதுவாகக் குறைத்து, இறக்கை நடுங்கத் தொடங்கும் வேகத்தையும் ஸ்டால் ஆகும் வேகத்தையும் முழங்காலில் கட்டிய தாளில் குறித்துக்கொள்வார்கள். பென்சிலால் எழுதிய அந்த வேகங்களும் காலையில் தராசு காட்டிய எடையும் ஒரே தாளில் அருகருகே இருக்கும்.